நாவலும் திருத்தத்தின் எல்லையும்

கந்தபுராணம் தோன்றிய வரலாற்றைக் கூறும் மரபுரையிலே இரு நிகழ்ச்சிகள் உள. கச்சியப்ப சிவாசாரியார் நாடோறும் நூறு செய்யுள் இயற்றி, அவ்வேட்டைக் குமரகோட்டத்துச் சந்நிதியில் வைத்துத் திருக்காப்பிடுவார் என்பதும், விடியலிற் பார்க்குமிடத்து அவ்வேட்டிலே திருத்தங்கள் காணப்படும் என்பதும் ஒன்று. நூல் அரங்கேறியபோது, முதற் செய்யுளின் தொடக்கத்துச் சொற்புணர்ச்சிக்கு விதி இல்லை என அவையிலிருந்த ஒருவர் தடை கூற, சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்தில் அதற்கு விதி உண்டெனக் காட்டி அத்தடையை நீக்கினார் என்பது மற்றொன்று. முன்னையதில் ஆசிரியர் திருத்தத்தை ஏற்றார். பின்னையதில் நூல் திருத்தப்படாமலே நின்றது. இக்கதையை எவ்வாறு கொள்ளினும், நூல் செய்வோன் அறிய வேண்டிய இரண்டும் அதனுள் அடங்கியுள்ளன: எதனைத் திருத்துவது, எதனைத் திருத்தாது விடுவது.

இவ்விரண்டையும் அறிதல் எல்லா ஆசிரியர்க்கும் அரிதேயாயினும், நாவலாசிரியனுக்கு மிக அரிது. செய்யுள் இயற்றுவோனுக்கு யாப்பு ஒரு வரம்பாக நிற்கின்றது. சீர் மிகுந்தாற் செவி அறியும். தளை பிழைத்தால் ஓசை கெடும். நாவலோ உரைநடையால் ஆயது, அளவாலும் பெரியது. ஒரு வாக்கியத்தை நீட்டலாம், குறுக்கலாம். ஓர் அத்தியாயத்தை முன்னே வைக்கலாம், பின்னே வைக்கலாம். ஒரு பாத்திரத்தையே நீக்கிவிடலாம். இவற்றுள் எதனைச் செய்யினும் தளை தட்டாது. ஆகவே, நூல் முற்றுப்பெற்றது என்பதற்கு நாவலாசிரியன் காட்டக்கூடிய புறச்சான்று எதுவும் இல்லை. இரவில் ஏட்டைத் திருத்தித் தருவார் அவனுக்கு இல்லை. தானே எழுதுவோனும் தானே திருத்துவோனுமாக அவன் நிற்றல் வேண்டும்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தென நன்னூலார் வகுத்துரைத்தனர். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்பன நாவலுக்கும் குற்றங்களே. இவற்றைக் களைதற்கு எத்துணை முறை திருத்தினும் தகும். ஆயின், அப்பட்டியலில் மற்றொன்று விரித்தல் என்பதும் உண்டு. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துரைத்தல் இலக்கண நூலுக்குக் குற்றமாகலாம். நாவலில் அது எப்பொழுதுங் குற்றமாகுமா? நெப்போலியனின் படையெடுப்பைப் பொருளாகவுடைய தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ என்னும் நாவலிலே, ஓநாய் வேட்டையும் அன்றிரவு மாமன் வீட்டில் நத்தாஷா ஆடும் நடனமும் விரிவாக இடம்பெறுகின்றன. கதைப்போக்கினை மட்டும் நோக்குவோன் அவற்றை முழுதும் நீக்கிவிடலாம் என்பான். நீக்கிய பின்னர், அப்போரிலே எதனைக் காப்பாற்ற உருசிய மக்கள் போராடினர் என்பதை உணர்த்தும் வாழ்வே நாவலில் இராது. எனவே, திருத்தத்தின் எல்லையைப் பொதுவிதிகள் மட்டும் வகுத்துத் தரமாட்டா. அந்நாவல் எதனைச் செய்ய முற்படுகின்றது என்ற வினாவோடு சேர்த்தே விதிகளும் நோக்கப்படுதல் வேண்டும்.

இவ்வுண்மையைத் தெளிவதற்கு, ஓர் ஆசிரியருக்கு ஒரே நண்பரிடமிருந்து ஏழாண்டு இடைவெளியில் வந்த இரு அறிவுரைகளை ஒப்புநோக்குதல் பெரிதும் உதவும். அவ்வாசிரியர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் புளோபேர் (1821–1880). நண்பர் மக்சீம் தியு காம்.

1849 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, ரூவான் நகரையடுத்த குருவாசே என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்திற்குப் புளோபேர் இரு நண்பரை அழைத்தார். ஒருவர் தியு காம். மற்றவர் கவிஞர் லூயி புயே. பாலைநிலத் துறவியாகிய அந்தோனியாருக்கு நேர்ந்த சோதனைகளைப் பொருளாகக்கொண்டு தாம் எழுதி முடித்த நூலை அவர்க்கு வாசித்துக் காட்டுவதே நோக்கம். இறுதிவரை எவரும் வாய் திறத்தலாகாது என்பது ஏற்பாடு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக நான்கு நாள் வாசிப்பு நடந்தது. முப்பத்திரண்டு மணி நேரங் கேட்ட பின்னர், அதனைத் தீயிலிட்டுவிட்டு மறந்துவிடுமாறு நண்பர் இருவரும் கூறினர் எனத் தியு காம் பிற்காலத்தில் எழுதிய இலக்கிய நினைவுரையிற் குறிப்பிடுகின்றார். அன்றாட வாழ்விலிருந்து எளிய பொருளொன்றை எடுத்தெழுதுமாறும் அவர்கள் தூண்டினர்.

புளோபேருக்கு அஃது ஆறாத புண்ணாயிற்று. எனினும் அந்நூலை அவர் வெளியிட முற்படவில்லை. அதன் குற்றம் சொற்களில் இல்லை என்பதே அதற்குக் காரணம் எனலாம். காட்சிமேற் காட்சியும் உவமைமேல் உவமையுமாகச் சென்ற அந்நூலிலே, அவற்றை ஈர்த்துப் பிடிக்கும் நடு இல்லாதிருந்தது. வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் செப்பஞ்செய்வதால் அக்குறை தீராது. வேரில் நோயுற்ற மரத்துக்கு இலைகளைத் துடைப்பதாற் பயன் இல்லை. இத்தகைய நிலையிலே, திருத்துதல் என்பது திரும்ப எழுதுதலே. அவர் அந்நூலை எரிக்கவும் இல்லை. 1856 இல் மீண்டும் எடுத்துப் பெரிதுங் குறைத்தார். பின்னரும் வைத்திருந்து, முற்றும் வேறு வடிவில் 1874 இலேதான் நூலாக வெளியிட்டார். முதல் வடிவத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே கழிந்தவை 25 ஆண்டுகள்.

இதற்கிடையில், 1851 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் தொடங்கிய ‘மதாம் பொவாரி’ என்னும் நாவல் 1856 ஆம் ஆண்டு இளவேனிலில் முற்றுப்பெற்றது. நாட்டுப்புற வைத்தியன் ஒருவனின் மனைவி, தான் வாசித்த காதற்கதைகளின் உலகத்தைத் தன் சிறிய ஊரிலே தேடி அழிந்து போவதே கதை. அதற்கு அவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டு உழைத்தார். முதலாண்டுகளிற் புயே ஞாயிறுதோறும் வந்து எழுதியவற்றைக் கேட்பார். எழுதிய வாக்கியத்தைப் புளோபேர் உரத்த குரலில் வாசித்துச் செவியாற் சோதிப்பார். அந்நாவலுக்குரிய திட்டக்குறிப்புகளும் வரைவுகளும் படிகளுமாக ஏறத்தாழ 4,500 பக்கங்கள் ரூவான் நகர நூலகத்திற் பேணப்பட்டுள்ளன.

இவ்வுழைப்பெல்லாம் எதன்பொருட்டு? வேளாண்மைக் கண்காட்சியைக் கூறும் அத்தியாயம் இதற்கு விடை தரும். அந்த ஓர் அத்தியாயத்திலே புளோபேர் 1853 இற் பல மாதங்களைச் செலவிட்டார். கீழே மேடையில் அரசாங்க அலுவலர் நாட்டின் செழிப்பைப் பற்றிப் பேசுகின்றார். பரிசு பெறுவோர் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. மேல்மாடிச் சாளரத்தருகே இருந்து உரோதோல்ப், எம்மாவிடம் காதல் மொழி பேசுகின்றான். ஈரிடத்துப் பேச்சும் வரவர நெருங்கி, முடிவில் அவன் காதல் மொழியும் எருவுக்குரிய பரிசின் அறிவிப்பும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே வகையான பொய்யுரைகள் என்று ஆசிரியர் ஓரிடத்திலேனும் கூறவில்லை. அங்ஙனங் கூறாமலே வாசகன் அறியுமாறு செய்தற்கே அத்தனை திருத்தங்களும் வேண்டியிருந்தன. இங்கே திருத்தம் அழகுசெய்தலன்று; நாவல் எடுத்துக்கொண்ட நோக்கத்துக்கு அதனை இன்னும் அண்மையிற் கொண்டு சேர்ப்பது. இவ்வகைத் திருத்தத்துக்கு எல்லை கூறுதல் இயலாது, கூறவும் வேண்டுவதில்லை.

நாவலைப் ‘பரிஸ் சஞ்சிகை’க்கு அனுப்புமுன்னர்ப் புளோபேர் தாமாகவே ஏறத்தாழ 30 பக்கங்களை நீக்கினார். அச்சஞ்சிகையை நடத்தியோருள் ஒருவராக அப்போது விளங்கியவர் தியு காம். அவர் 1856 யூலையில் எழுதிய கடிதத்திலே இரண்டாவது அறிவுரை வந்தது. நாவலிற் பயனில்லாத விவரங்கள் மிகுந்துவிட்டன என்றும், கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு ஏறத்தாழ நூறு பிராங்குச் செலவில் வேண்டாதவற்றை வெட்டிச் சீர்செய்து தருவதாகவும் அதிற் கூறப்பட்டிருந்தது. புளோபேர் அக்கடிதத்தின் பின்புறத்தில் ஒரே சொல்லில் தம் வியப்பையும் ஏளனத்தையும் எழுதிவைத்தார். சஞ்சிகை 1856 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை நாவலை வெளியிட்டபோது, அரசின் சினத்துக்கு அஞ்சி மூடுவண்டிக் காட்சியை விட்டுவிட்டது. வேறு சில பகுதிகளையும் நீக்க முற்பட்டது. தம் நூல் முழுமையாக வெளிவரவில்லை என்றும், வெளிவந்ததற்குத் தாம் பொறுப்பல்லர் என்றும் ஆசிரியர் அச்சஞ்சிகையிலேயே குறிப்பொன்றை வெளியிடச் செய்தார். அஞ்சியவாறே வழக்கும் வந்தது. 1857 பெப்ரவரி 7 ஆந் தேதி விடுதலைத் தீர்ப்புக் கிடைத்தது. நீக்கப்பட்டவை சேர்க்கப்பட்ட நாவல் அவ்வாண்டு ஏப்பிரலில் நூலாக வெளிவந்தது.

இரு அறிவுரைகளும் ஒருவர் வாயிலிருந்தே வந்தவை; இரண்டும் நட்பினாலே கூறப்பட்டவை. முதலாவதற்கு ஆசிரியர் செவிசாய்த்தார், இரண்டாவதை மறுத்தார். இதனை மனம்போன போக்கு என்றல் பொருந்தாது. முதலாவது அறிவுரை, அந்நூல் தான் ஆக விரும்பியதாக ஆகவில்லை என்பதைச் சுட்டிற்று. இரண்டாவதோ, அந்நாவல் ஆக விரும்பியது யாது என்பதையே கேளாதுவிட்டது. சார்ள் பொவாரி பள்ளிக்கு அணிந்து வரும் விந்தையான தொப்பியின் விவரணமும், திருமண விருந்தின் அடுக்குப் பணியாரத்தின் விவரணமும் கதைக்கு வேண்டாதனவாகத் தோன்றலாம். ஆயின், எம்மாவை அழுத்திக் கொல்வது பகைவன் ஒருவன் அல்லன். அத்தகைய பொருள்கள் நிறைந்த சிறிய உலகமே. அவற்றை நீக்கினாற் கதை எஞ்சும். எம்மா ஏன் இறந்தாள் என்பது எஞ்சாது. மறுத்தவர் செருக்கினால் மறுத்தவரும் அல்லர். முப்பது பக்கத்தைத் தாமே களைந்த பின்னரே எஞ்சியதைக் காத்து நின்றார். தன் நூலைத் தானே கடுமையாக வெட்டியவனுக்கே பிறர் வெட்டவருமிடத்து மறுக்கும் உரிமை உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

நண்பரின் சொல்லுக்கு இணங்கியதால் விளைந்த ஐயத்துக்கு ஆங்கில நாவலிலே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சார்ள்ஸ் டிக்கன்ஸ் ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ என்று பொருள்படும் பெயருடைய நாவலை 1860 டிசெம்பர் முதல் 1861 ஓகஸ்ட் வரை தம் வார இதழில் எழுதினார். அவர் முதலில் எழுதிய முடிவிலே, பிப் என்பவன் எஸ்தெல்லாவை இலண்டன் மாநகரத் தெருவொன்றிற் சிறிது நேரம் காண்கின்றான். அவள் வேறொருவரை மறுமணம் புரிந்தவள். இருவரும் கைகுலுக்கிப் பிரிகின்றனர். அச்சுப்படியை வாசித்த நாவலாசிரியர் புல்வர் லிற்றன் இம்முடிவை மாற்றுமாறு வற்புறுத்த, டிக்கன்ஸ் அழிந்த மாளிகையின் தோட்டத்தில் இருவரையும் சேர்த்து நிறுத்தும் முடிவை எழுதினார். பழைய முடிவை, டிக்கன்ஸ் மறைந்த பின் அவர் வரலாற்றை எழுதிய ஜோன் போர்ஸ்ரர் வெளியிட்டார். கதையின் போக்குக்கு அதுவே இயைந்தது என்பது அவர் கருத்து.

போர்ஸ்ரர் கருத்தே வலியுடையது எனத் தோன்றுகின்றது. தகுதியில்லாத இடத்தில் வைத்த எதிர்பார்ப்புகள் ஒவ்வொன்றாகச் சிதைவதே அந்நாவலின் பொருள். இறுதி எதிர்பார்ப்பை மட்டும் சிதையாது விடுதல், நாவல் கேட்ட வினாவுக்கு வாசகர் விரும்பிய விடையைக் கொடுப்பதாகும். எனினும், புதிய முடிவை முற்றும் பொய்யென்று தள்ளுதலும் நேர்மையாகாது. பாழடைந்த அத்தோட்டமும் எழும் மூடுபனியும் நாவலின் முற்பகுதிக் காட்சிகளை நினைவிற்குக் கொணர்ந்து, நூலின் தொடக்கத்தையும் இறுதியையும் இணைக்கின்றன. தெருவிற் காணுங் காட்சிக்கு அவ்வழகு இல்லை. ஆகவே, அத்திருத்தத்தின் குறை மாற்றியதில் இல்லை. எவருடைய விருப்பத்தை நோக்கி மாற்றினார் என்பதில் உள்ளது.

பிறர் தூண்டுதலின்றித் தாமே செய்யுந் திருத்தமும் பிழைபடுதல் உண்டு. ‘போரும் அமைதியும்’ 1869 இல் நிறைவெய்திய நான்கு ஆண்டுகளுக்குள், 1873 ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் தோல்ஸ்தோய் அதனைத் திருத்தினார். பிரெஞ்சு மொழி உரையாடல்கள் உருசிய மொழிக்கு மாற்றப்பட்டன. வரலாற்றுத் தத்துவ ஆராய்ச்சிகள் கதையினின்று பிரிக்கப்பட்டுப் பிற்சேர்க்கையாயின. வாசிப்போர்க்கு அஃது எளிதாயிற்று. ஆயின், நெப்போலியனோடு போர் புரியும் பிரபுக்கள் அவன் மொழியிலேயே தம் வீட்டிற் பேசினர் என்ற முரண்பாடு அதனால் மறைந்தது. 1886 இல் வெளிவந்த பதிப்பிலே பிரெஞ்சு உரையாடல்களும் ஆராய்ச்சிப் பகுதிகளும் தத்தம் இடத்துக்கு மீண்டன. நூலை எழுதியவரும் திருத்தியவரும் பெயரால் ஒருவரே. ஆயினும் மனத்தால் ஒருவரல்லர். காலங் கடந்த பின்னர் ஆசிரியனும் தன் நூலுக்கு அயலான் ஆகின்றான். அயலார் திருத்தத்தை எத்துணை ஐயத்தோடு நோக்குதல் வேண்டுமோ, அத்துணை ஐயத்தோடு தன் பிற்காலத் திருத்தத்தையும் அவன் நோக்குதல் நன்று.

முடிவின்றித் திருத்துவதன் இழப்பும் சிறிதன்று. ஒஸ்திரிய நாவலாசிரியர் உரோபேர்ட் மூசில் ‘பண்புகளற்ற மனிதன்’ என்னும் பெருநாவலின் முதற்பகுதியை 1930 இல் வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக அச்சுப்படி நிலையை எய்திய 20 அத்தியாயங்களை 1938 இல் மீளப் பெற்றுக்கொண்டு, 1942 இல் ஜெனீவாவில் இறக்கும் வரை திருத்திக்கொண்டேயிருந்தார். நாவல் முற்றுப்பெறவில்லை. ஒரு வாக்கியத்துக்கு மாற்றாகப் பத்து வாக்கியங்கள் தோன்றும் அறிவு வளம் உடையோர்க்கே இத்துன்பம் நேர்கின்றது.

தமிழ் நாவலின் நிலை இதற்கு நேர்மாறானது. வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இல் நூலாகவே வெளிவந்தது. ஆயின், அடுத்த நூற்றாண்டிலே தமிழகத்திலும் ஈழத்திலும் நாவல்கள் பல பத்திரிகைகளிலே தொடர்கதைகளாக வெளிவந்தன. வாரந்தோறும் அச்சகத்துக்கு அத்தியாயம் அளித்தல் வேண்டிய ஆசிரியனுக்கு முன் அத்தியாயத்தைத் திருத்த வழியில்லை; அஃது ஏற்கெனவே வாசகர் கையை எய்திவிட்டது. ஆகவே, தொடர்கதை நூலுருப் பெறுங் காலமே தமிழ் நாவலாசிரியனுக்கு வாய்க்குந் திருத்தக் காலம். அவ்வேளையில் எழுத்துப்பிழைகளை மட்டும் நீக்கி அமைவாருமுண்டு. முன் நடந்ததை மீண்டும் நினைவூட்டும் பகுதிகளும், தொடரை நீட்டுதற்காகப் புகுந்த கிளைக்கதைகளும் கூறியது கூறலாகவும் மிகையாகவும் நூலில் எஞ்சிவிடுகின்றன. எனினும், தொடர்கதையின் அடையாளங்கள் யாவும் களையத்தக்கன என்றலும் பொருந்தாது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்னும் நாவலிலே, அத்தியாய இறுதிதோறும் வாசகரை ஏங்கவைத்து நிறுத்துதல் அக்கதையின் மூச்சாகவே அமைந்துவிட்டது. அதனை நீக்கித் திருத்த முற்படுவோன், திருத்திய நாவலை அன்று, வேறொரு நாவலையே அடைவான்.

இதுகாறுங் கூறியவற்றால், திருத்தத்துக்கு எண்ணால் எல்லை இல்லை என்பதும் நோக்கத்தால் எல்லை உண்டு என்பதும் போதரும். மூன்றுமுறை எழுதியது நன்று, முப்பதுமுறை எழுதியது மிகை என்றல் இயலாது. கையெழுத்துப்படியை மீண்டும் எடுக்குந்தோறும் நாவலாசிரியன் தன்னைக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இத்திருத்தம் நாவல் எடுத்துக்கொண்ட பொருளை மேலுந் தெளிவிக்கின்றதா? அன்றி, எவருடைய சினத்தையோ விருப்பத்தையோ கருதிச் செய்யப்படுகின்றதா? இதனைச் செய்யும் மனம், இந்நாவலை எழுதிய மனந்தானா? முதல் வினாவுக்கு ஆம் என்ற விடை கிடைக்கும் வரையில் அவன் சோர்வின்றித் திருத்தல் வேண்டும். அவ்விடை நின்றுபோய், ஒரு சொல்லை மாற்றி மறுநாள் அதனையே மீண்டும் வைக்கும் நிலை வருமாயின், நாவல் முற்றிவிட்டது என அவன் அறிதல் தகும். அதிற் குற்றங்கள் சில எஞ்சியிருக்கலாம். குற்றமில்லாமை முற்றியதன் அடையாளமன்று. இனிச் செய்வது யாதாயினும் அது வேறொரு நூலாகும் என்பதே அடையாளம்.

இவ்வளவுகோல் நாவலாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மாணவன் ஒருவன் எழுதிய சிறுகதையைச் செந்நிற மையோடு அணுகும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். எழுத்துப்பிழையும் வாக்கியப்பிழையும் திருத்தப்படல் வேண்டும். அதில் தயவு கூடாது. ஆயின், மாணவன் கண்டதொன்றை அவன் காணாத ஒன்றால் மாற்றிவிடும்போது, பிழையோடு அவன் கண்ணும் அழிக்கப்படுகின்றது. அவன் எதனைக் கூற முற்பட்டான் என வினவிய பின்னர்த் திருத்தப்பட்ட கதையே அவனுடைய கதையாக எஞ்சும். குமரகோட்டத்து ஏட்டிலே இரவிற் செய்யப்பட்ட திருத்தங்கள், மறுநாள் அதனைக் கண்ட கவிஞருக்குத் தம் நூலாகவே தோன்றின. இன்றேல் அடுத்த நூறு செய்யுளை அவர் இயற்றியிருக்கமாட்டார்.